ஒன்றா, இரண்டா, மூன்றா? 350 செவர்லே வி8 இன்ஜினுக்கு எத்தனை கார்புரேட்டர் பொருந்தும்

1969 செவர்லே கமாரோ. உள்ளே 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியாயிற்று, ஹெட்டர் (புகை வெளியேறும் குழாய்) போட்டாயிற்று, அடுத்தது இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி). பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுப்பது கார்புரேட்டர்; அதில் காற்று போகும் வாய்தான் பேரல். இருக்கிற ஒற்றை நான்கு பேரல் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு நான்கு பேரல் போடுவதா? மூன்று இரண்டு பேரல் போடுவதா? டனல் ராம் ஏற்றுவதா? அல்லது இருப்பதையே ஒழுங்காக டியூன் செய்து ஓட்டுவதா?

இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) கணக்குதான். அந்தக் கணக்கு வேண்டும். ஆனால் முடிவை அதனிடம் விட்டுவிடக் கூடாது. சாலையில் ஓடும் வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியை ஐட்லிங்கிலும், த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் காற்றுத் தகடு) கால்வாசி திறந்த நிலையிலும் கழிக்கிறது. அந்த நேரத்தில் எந்தக் கார்புரேட்டர் இன்ஜினுக்குச் சோறு போடுகிறது, மற்றவை எப்போது, எதன் கட்டளையில் திறக்கின்றன என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தவறு நடக்காது. மொத்தக் கொள்ளளவைப் பார்த்து வாங்கியவர்கள்தான் ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் விற்பனைக்குப் போடுகிறார்கள்.

முதலில் காற்றுக் கணக்கு

கன அங்குலத்தை உச்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3456-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். அதனால்தான் 1728-இன் இருமடங்கான 3456. 350-ஐ 5800-ஆல் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் 587. சாலை இன்ஜினின் சிலிண்டர்கள் 85 சதவீதம் நிரம்புவதாக வைத்தால், தேவை சுமார் 500 சி.எஃப்.எம். ஒரே ஒரு 600 சி.எஃப்.எம். கார்புரேட்டர் இதற்குத் தாராளம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான்கு பேரல் கார்புரேட்டரை 1.5 அங்குலப் பாதரச அழுத்த வித்தியாசத்தில் அளந்து எண் போடுகிறார்கள். இரண்டு பேரலை 3 அங்குலத்தில் அளக்கிறார்கள். இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். இரண்டு பேரலின் எண்ணை 1.414-ஆல் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும். கிரைஸ்லர் 440 சிக்ஸ் பேக் இன்ஜினின் மூன்று இரண்டு பேரல் ஹோலி கார்புரேட்டர்களை நடுவில் 350, இருபுறமும் 500 என்று கூட்டி 1350 என்பார்கள். நான்கு பேரல் அளவுகோலில் அது சுமார் 955தான்.

கணக்கைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் பகுதி) வேக்யூம் போர்ட்டிலிருந்து நீண்ட ஹோஸ் போட்டு, வேக்யூம் கேஜை வண்டிக்குள் கொண்டுவந்து, பந்தயத் தடம் போன்ற பாதுகாப்பான இடத்தில் முழு த்ராட்டிலில் உச்ச ஆர்.பி.எம். வரை இழுத்துப் பாருங்கள். அப்போது கேஜ் 1.5 அங்குலத்துக்கு மேல் காட்டினால், இப்போதுள்ள கார்புரேட்டர் இன்ஜினின் மூச்சை அடைக்கிறது. ஒன்றுக்குக் கீழே இருந்தால், எத்தனை கார்புரேட்டர் ஏற்றினாலும் குதிரைத்திறன் பெரிதாக உயராது. வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து இதைச் செய்துவிட வேண்டும்.

தொழிற்சாலை எண்கள் சொல்வது

1967 கோர்வெட்டின் 427 இன்ஜினில், ஒற்றை நான்கு பேரல் ஹோலியுடன் வந்த எல்36 வகைக்கு 390 குதிரைத்திறன். ஏறக்குறைய அதே இன்ஜினில் மூன்று இரண்டு பேரல் வைத்த எல்68-க்கு 400. வித்தியாசம் பத்து. டாட்ஜில் 440 மேக்னம் 375, சிக்ஸ் பேக் 390. 1970 சேலஞ்சர் டி/ஏ-வின் 340 சிக்ஸ் பேக் 290. சாதாரண 340 நான்கு பேரல் 275. எல்லாம் அந்தக் கால கிராஸ் கணக்கு (ஏர் கிளீனர், சைலன்சர் போன்றவை இல்லாமல் அளந்தது). விளம்பரத்துக்காகக் கூட்டியும் குறைத்தும் எழுதியவை உண்டு என்றாலும், போக்கு ஒன்றுதான்.

பாண்டியாக் கதை இன்னும் தெளிவாக இருக்கும். 1966 ஜிடிஓ-வின் 389 ட்ரை பவர் (மூன்று இரண்டு பேரல்) 360 குதிரைத்திறன். ஜெனரல் மோட்டார்ஸ், கோர்வெட்டையும் கோர்வேரையும் தவிர மற்ற கார்களில் பல கார்புரேட்டர் அமைப்பைத் தடை செய்ததும், 1967 ஜிடிஓ ஹெச்.ஓ. 400 கன அங்குலத்தில் ஒரே ஒரு குவாட்ராஜெட் நான்கு பேரலுடன் வந்தது. அதற்கும் 360தான். பதினொரு கன அங்குலம் கூடியதைக் கழித்துப் பார்த்தாலும், நன்றாக வடிவமைத்த ஒற்றைக் கார்புரேட்டர் எவ்வளவு தூரம் போகும் என்று இது காட்டுகிறது.

எனவே உங்கள் நோக்கம் கால் மைல் நேரத்தைக் குறைப்பது மட்டும் என்றால், அந்தப் பணத்தை சிலிண்டர் ஹெட்டிலும் பின் அச்சு கியரிலும் போடுங்கள். பானெட்டைத் திறந்ததும் தெரியும் அழகு, அந்தக் காலத்து அசல் தோற்றம், இரண்டாம் கட்டம் திறக்கும்போது வரும் அந்த உறுமல் ஆகியவற்றுக்காகத்தான் பல கார்புரேட்டர் போடுகிறோம். இவை நியாயமான காரணங்கள். வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் காரணம் இதுதான் என்று தெரிந்து போட்டால் தேர்வு சுலபமாகிவிடும்.

ஒற்றை நான்கு பேரல்

ஸ்ப்ரெட் போர் குவாட்ராஜெட்டின் முன் த்ராட்டில்கள் 1⅜ அங்குலம், பின்னவை 2¼ அங்குலம். சின்ன வாய் வழியாகக் காற்று வேகமாகப் போவதால் சீரான ஓட்டத்தில் மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) நன்றாகக் கலக்கும், மைலேஜும் கிடைக்கும். தேவைப்படும்போது 750 சி.எஃப்.எம். வரை திறக்கும். 600 சி.எஃப்.எம். எடல்பிராக் அல்லது வேக்யூம் செகண்டரி (பின் வாய்கள் உறிஞ்சலால் திறக்கும்) ஹோலி போட்டாலும் 350-க்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு கேபிள், ஒரு பெட்ரோல் குழாய், ஒரு சோக். தினமும் ஓட்டும் வண்டிக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதே இதன் பலம்.

மூன்று இரண்டு பேரல்: ட்ரை பவர்

பல கார்புரேட்டர் என்று முடிவாகிவிட்டால், சாலை வண்டிக்கு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐட்லிங், சோக், ஆக்சிலரேட்டர் பம்ப், சாதாரண ஓட்டம் எல்லாவற்றையும் நடுக் கார்புரேட்டர் ஒன்றே பார்த்துக்கொள்கிறது. பாதி த்ராட்டில் தாண்டும்வரை நீங்கள் ஓட்டுவது ஒரு சாதாரண இரண்டு பேரல் வண்டி. டியூனிங்கில் ஒத்திசைக்க வேண்டிய ஐட்லிங் ஒன்றுதான் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, இரண்டு நான்கு பேரல் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

350-க்கு ஆஃபென்ஹவுசர் போன்றோரின் மேனிஃபோல்டில் மூன்று ரோச்செஸ்டர் 2ஜி வைப்பது பழைய வழி. ஹோலி 2300 வகை வைத்தால் உதிரி பாகம் கிடைப்பது எளிது. எதுவானாலும், ஓரக் கார்புரேட்டர்களைத் திறக்கும் முறையில் கவனம் வேண்டும். அதில் இரண்டு வகை.

மெக்கானிக்கல் லிங்கேஜில் (த்ராட்டில்களை இணைக்கும் கம்பி அமைப்பு) நடு த்ராட்டில் பாதிக்கு மேல் திறந்ததும் கம்பியில் உள்ள நீள்துளை முடிந்து ஓரத்து இரண்டையும் இழுக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் முழுத் திறப்பை எட்டும். கால் சொன்னதும் திறக்கும், அதுவே குறையும்கூட. 1800 ஆர்.பி.எம்.மில் டாப் கியரில் காலை முழுக்க அழுத்தினால், ஆறு வாய்களும் ஒரேயடியாகத் திறந்து காற்றின் வேகம் விழுந்துவிடும். ஓரத்தில் பம்ப் இல்லாத கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் வருவதற்குள் இன்ஜின் ஒரு நொடி திணறும். மேனுவல் கியர்பாக்ஸ், 3.73 அல்லது அதற்கு மேற்பட்ட பின் அச்சு விகிதம் இருந்தால் இது பொருந்தும்.

வேக்யூம் முறையில் ஓரக் கார்புரேட்டர்களில் டயஃப்ரம் இருக்கும். நடுக் கார்புரேட்டரின் வெஞ்சுரியில் (வாயின் ஒடுங்கிய பகுதி) காற்று வேகம் கூடும்போது உண்டாகும் உறிஞ்சல் அந்த டயஃப்ரத்தை இழுத்து ஓரத்தைத் திறக்கும். இன்ஜினுக்கு எப்போது காற்று வேண்டுமோ அப்போது மட்டும் திறப்பதால், ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் 3.08 போன்ற நீண்ட கியருக்கும் இதுவே சரி. கிரைஸ்லர் சிக்ஸ் பேக்கும் கோர்வெட் 427-ம் இப்படித்தான் வேலை செய்தன. நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்த்து "ஓரம் திறக்கவேயில்லை, பழுதாகிவிட்டது" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். சுமை இல்லாதபோது அது திறக்காது; திறக்கவும் கூடாது. திறக்கிறதா என்று தெரிந்துகொள்ள, டயஃப்ரம் தண்டில் ஒரு சாதாரண பேப்பர் கிளிப்பைச் செருகி, உறையோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, ஒருமுறை முழு த்ராட்டிலில் ஓட்டி வாருங்கள். கிளிப் நகர்ந்திருக்கும் தூரம்தான் திறப்பு. நகரவே இல்லை என்றால் மெல்லிய ஸ்பிரிங்குக்கு மாறுங்கள். திறக்கும் கணத்தில் இன்ஜின் திணறினால் கனமான ஸ்பிரிங்குக்குத் திரும்புங்கள்.

ட்ரை பவரில் வரும் தொல்லைகளில் பாதி ஒரே இடத்திலிருந்து வருகிறது: ஓரத் த்ராட்டில் தகடுகள் முழுக்க மூடாமல் இருப்பது. அவற்றில் ஐட்லிங் சர்க்யூட் இல்லாததால், இடைவெளி வழியே போகும் காற்றுக்குப் பெட்ரோல் துணை வராது. இன்ஜின் 1000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இறங்க மறுக்கும். மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் மாற்றம் தெரியாது. கார்புரேட்டரைப் பொருத்தும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பிறை போல ஒளி தெரிந்தால், தகட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, த்ராட்டிலை இறுக மூடி, தகட்டைத் தானே உட்காரவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். அந்தச் சின்ன ஸ்க்ரூக்களின் முனையைத் தட்டி விரித்தோ லாக்டைட் போட்டோ பூட்டாமல் விடாதீர்கள். கழன்று விழுந்தால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

அடுத்தது, தேங்கிய பெட்ரோல். நிதானமாக ஓட்டுபவரின் வண்டியில் ஓரக் கார்புரேட்டர்கள் வாரக்கணக்கில் திறக்காமல் கிடக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் போலப் படிந்து, நீடில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒருநாள் ஓவர் ஃப்ளோ ஆகும். சூடான மேனிஃபோல்ட் மேல் பெட்ரோல் வழிவது தீ விபத்துக்கான நேர்வழி. வாரம் ஒருமுறையாவது, பாதுகாப்பான சாலையில், மூன்றும் திறக்கும்படி ஓட்டுவது பராமரிப்பின் ஒரு பகுதி.

மிக்சரைப் பொறுத்தவரை, சிக்ஸ் பேக் வகை ஓரக் கார்புரேட்டர்களில் பவர் வால்வு (சுமை கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது) கிடையாது. அதன் பங்கையும் மெயின் துளையே ஈடுகட்ட வேண்டும் என்பதால் அங்கே துளை பெரிதாக இருக்கும். நடுவில் உள்ள ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) எண்ணையே ஓரத்திலும் போட்டால் முழு த்ராட்டிலில் லீன் ஆகி (பெட்ரோல் போதாமல்) பிஸ்டனுக்கு ஆபத்து. அந்த ஓரக் கார்புரேட்டர்களில் மாற்றக்கூடிய ஜெட்டுக்குப் பதில் நிலையான துளை கொண்ட தகடு இருப்பதையும் வாங்கும்போதே கவனியுங்கள். ஜெட் மாற்றி டியூன் செய்ய வேண்டுமென்றால் மீட்டரிங் பிளாக் மாற்றியமைக்க வேண்டும்.

நடுவில் ஒன்று மட்டும் ஓடும்போது 3, 4, 5, 6 சிலிண்டர்கள் கொஞ்சம் ரிச்சாகவும் (பெட்ரோல் கூடி), மூலையில் உள்ள 1, 2, 7, 8 லீனாகவும் இருக்கும். ஓட்ட ஜெட்டைச் சராசரிக்கு அல்ல, அந்த மூலைகளின் பிளக் நிறத்துக்கு ஏற்ப அமையுங்கள். எக்சாஸ்டில் உள்ள சென்சார் நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் சொல்லும். தனித்தனியாகப் பேசுவது பிளக் மட்டும்தான்.

இரண்டு நான்கு பேரல், ஒரே வரிசையில்

பார்வைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. 425 குதிரைத்திறன் 426 ஸ்ட்ரீட் ஹெமியில் இரண்டு கார்ட்டர் ஏ.எஃப்.பி.கள் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. 350-க்கு இரண்டு 500 சி.எஃப்.எம். எடல்பிராக் வைப்பது இன்று பரவலான வழி. எடல்பிராக் பெர்ஃபார்மர், அந்தப் பழைய ஏ.எஃப்.பி.யின் வாரிசு.

"500 போதும் என்றீர்களே, 1000 சி.எஃப்.எம். எப்படித் தாங்கும்?" என்று கேட்பது நியாயம். ஏ.எஃப்.பி.யின் பின் த்ராட்டில்களுக்கு மேலே எடை கட்டிய காற்று வால்வு ஒன்று தொங்குகிறது. த்ராட்டில் திறந்தாலும், காற்று ஓட்டம் அந்த எடையைத் தூக்கும் அளவுக்கு வந்தால்தான் வால்வு திறக்கும். இன்ஜின் கேட்டதை மட்டும் கொடுக்கும். இந்த வால்வு இல்லாத, மெக்கானிக்கல் செகண்டரி கொண்ட டபுள் பம்பர் இரண்டைச் சாலை 350-ல் வைத்தால் சிக்னலில் இருந்து கிளம்பும்போதெல்லாம் இன்ஜின் மூச்சுத் திணறும். இரண்டு போடுவதென்றால் காற்று வால்வோ வேக்யூம் செகண்டரியோ கட்டாயம்.

லிங்கேஜ் இங்கேயும் இரண்டு வகை. ப்ரோக்ரெசிவ் லிங்கேஜில் பின் கார்புரேட்டர் மட்டும் முதலில் திறக்கும்; அது ஏறக்குறைய பாதி திறந்ததும் முன்னது தொடங்கி, முழுத் திறப்பில் இரண்டும் சேரும். ஹெமியிலும் பின்னதே தலைமை, சோக்கும் அதில்தான். சாலைக்கு இதுவே ஏற்றது; பிக்கப்பும் மைலேஜும் நன்றாக இருக்கும். குறை என்னவென்றால், சாதாரண ஓட்டத்தில் முன்னால் உள்ள 1, 2 சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் நீண்ட தூரம் போக வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று லிங்கேஜில் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து திறக்கும். எட்டு சிலிண்டருக்கும் சமமான பங்கீடு கிடைக்கும்; ஆனால் கால் விரல் அளவு அசைவுக்கே நான்கு முன் த்ராட்டில்கள் திறப்பதால், போக்குவரத்து நெரிசலில் வண்டி துள்ளும்.

இரண்டு முறையிலும் இரண்டு கார்புரேட்டருக்கும் ஐட்லிங் உண்டு என்பதால் மிக்சர் ஸ்க்ரூ மொத்தம் நான்கு. இதைச் சரியாகச் செய்யாததுதான் "டூயல் குவாட் (இரண்டு நான்கு பேரல்) டியூனிங் ஒருபோதும் நிலைக்காது" என்ற கெட்ட பெயருக்குக் காரணம். முறை இது. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள கம்பியைக் கழற்றுங்கள். இரண்டின் ஐட்லிங் ஸ்க்ரூவையும் முழுக்கத் தளர்த்தி, த்ராட்டில் மூடியதும், இரண்டையும் ஒரே அளவு சுற்று உள்ளே திருகுங்கள். நான்கு மிக்சர் ஸ்க்ரூவையும் மென்மையாக உட்காரும்வரை மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, காற்றோட்டம் அளக்கும் யூனி சின் கருவியை முதலில் பின் கார்புரேட்டரின் முன் வாயில் வைத்து, கண்ணாடிக் குழாயில் சிவப்பு மணி நடுவில் நிற்கும்படி அதன் வட்டைத் திருப்புங்கள். வட்டைத் தொடாமல் அப்படியே முன் கார்புரேட்டருக்குக் கொண்டுபோங்கள். மணி மேலே போனால் அங்கே காற்று அதிகம். ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறையுங்கள். கருவியே காற்றை அடைப்பதால் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மணி இரண்டிலும் ஒரே கோட்டில் நின்றபின், வேக்யூம் கேஜைப் பார்த்தபடி நான்கு மிக்சர் ஸ்க்ரூவையும் எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பி, உச்ச வேக்யூமுக்குக் கொண்டுவாருங்கள். 750 ஆர்.பி.எம். அருகே நின்றதும் கம்பியை மாட்டுங்கள். மாட்டும்போது எந்த த்ராட்டிலும் மயிரிழைகூட அசையக் கூடாது. அசைந்தால் கம்பியின் நீளம் தவறு. கம்பியைத்தான் திருத்த வேண்டும், ஸ்க்ரூவை அல்ல.

இன்ஜின் நிற்கும்போது செய்ய வேண்டிய இன்னொரு சோதனை உயிர் காக்கும். ஒருவர் ஆக்சிலரேட்டர் பெடலைத் தரைவரை அழுத்தட்டும். இன்னொருவர் லிங்கேஜைப் பார்க்கட்டும். முழுத் திறப்பில் கம்பியும் த்ராட்டில் கையும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால், அந்தக் கை மறுபக்கம் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். காலை எடுத்தாலும் இன்ஜின் முழு வேகத்தில் நிற்கும். கோணம் நேர்கோட்டுக்கு வெகு முன்பே முடிய வேண்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்று போதும் என்று விடாதீர்கள். இரண்டு, தனித்தனி இடத்தில் மாட்டியவை, வேண்டும்.

எடல்பிராக்கில் மீட்டரிங் ராடைத் (ஜெட் துளைக்குள் ஏறி இறங்கி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஊசி) தூக்கும் ஸ்பிரிங்கையும் கேமுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். பெட்டியில் வருவது ஆரஞ்சு நிறம், 5 அங்குல வேக்யூமுக்கானது. ஐட்லிங் வேக்யூமில் பாதி அளவுள்ள ஸ்பிரிங் என்பது நடைமுறை விதி. கேம் காரமாகி வேக்யூம் 8 அங்குலத்துக்கு இறங்கியிருந்தால், மஞ்சள், அதாவது 4 அங்குலம். மூடியின் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி ஓரமாகத் திருப்பினால், ஐட்லிங்கில் பிஸ்டன் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மேலே எழும்பி நிற்கிறது என்றால் இன்ஜின் ஐட்லிங்கிலேயே பவர் மிக்சரைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

டனல் ராம்

சுருக்கமாகச் சொல்லலாம். நேரான நீண்ட குழாய்கள், மேலே பெரிய பெட்டி, அதன்மேல் இரண்டு கார்புரேட்டர். உயர் ஆர்.பி.எம்.மில் அருமை. கீழே காற்று வேகம் இல்லாததால் பெட்ரோல் துளியாகப் பிரிந்து பெட்டியின் தரையில் தேங்கும். எக்சாஸ்ட் சூடும் அதற்குக் கிடையாது. குளிர் காலையில் கிளம்ப வைப்பது பெரும்பாடு. பானெட்டை வெட்டியாக வேண்டும். 0.050 அங்குல லிஃப்டில் 240 டிகிரிக்கு மேற்பட்ட கேமும், 4.10 அல்லது மேற்பட்ட கியரும், உயர் ஸ்டால் கன்வெர்ட்டரும் இல்லாத வண்டியில் இதைப் போடுவது பணத்தை வீணாக்குவது. பந்தயத் தடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் மாறாத வேலைகள்

மேனிஃபோல்ட் வாங்கும் முன் உங்கள் ஹெட்டைப் பாருங்கள். 1986 வரை வந்த ஸ்மால் பிளாக் ஹெட்டுகளில் இன்டேக் போல்ட் எல்லாம் ஒரே கோணம். 1987-லிருந்து வந்த வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் நடுவில் உள்ள நான்கு போல்ட்டின் கோணம் 72 டிகிரி. 1996 வோர்டெக் ஹெட்டில் பன்னிரண்டுக்குப் பதில் எட்டே போல்ட். பழைய பாணி மேனிஃபோல்ட் பொருந்தாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று கட்டமாக, 30 அடி-பவுண்டுக்கு முறுக்குங்கள். முன்பின் ஓரங்களில் கார்க் கேஸ்கெட்டை ஒதுக்கிவிட்டு, கால் அங்குலம் தடிமனில் சிலிகான் சீலர் போடுவது நிலைக்கும். கார்புரேட்டர் நட்டுக்கு 60 முதல் 80 அங்குல-பவுண்டு போதும். ஸ்பேனரைப் பிடித்து மூச்சைப் பிடித்து முறுக்கினால் அடித்தகடு வளைந்து த்ராட்டில் பிடித்துக்கொள்ளும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் இடத்தையும் முன்பே அளந்துகொள்ளுங்கள். பெரிய தொப்பி கொண்ட ஹெச்.இ.ஐ. வகை, பல இரண்டு நான்கு பேரல் மேனிஃபோல்டுகளில் பின் கார்புரேட்டரோடு முட்டும். சிறிய தொப்பி எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பானெட் உயரத்துக்கு, ஏர் கிளீனர் நட்டின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் உண்மை தெரியும். இன்ஜின் மவுன்ட் சுமையில் அசையும் என்பதால் அரை அங்குலத்துக்குக் குறைந்தால் நம்ப வேண்டாம்.

பெட்ரோல் விஷயத்தில் அளவைவிட அழுத்தமே சிக்கல் தரும். 450 குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 225 பவுண்டு பெட்ரோல், அதாவது 37 அமெரிக்க கேலன் வேண்டும். நல்ல மெக்கானிக்கல் பம்ப் இதைக் கொடுக்கும். ஆனால் எடல்பிராக் நீடில் 6.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காது. ரெகுலேட்டர் வைத்து 5.5-ல் நிறுத்துங்கள். ⅜ அங்குலக் குழாயை ஒரு பிரிப்புக் கட்டைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனிக் குழாய் இழுத்தால் எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும். எடல்பிராக் ஃப்ளோட்டை, மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, கேஸ்கெட்டிலிருந்து 7/16 அங்குலத்தில் வையுங்கள். இரண்டு கார்புரேட்டரிலும் இந்த அளவு ஒன்றாக இல்லாவிட்டால் மேலே சொன்ன ஒத்திசைவு எல்லாம் வீண்.

அமெரிக்காவில் இன்று கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது; பழைய பெட்ரோலைவிட எளிதில் கொதிக்கும். வண்டியை நிறுத்திப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்து, பச்சைப் பெட்ரோல் நாற்றமும் அடித்தால், கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வடிந்திருக்கிறது என்று பொருள். வெயில் ஊர்களில் எக்சாஸ்ட் சூட்டு வழியை அடைப்பதும், அரை அங்குல ஃபீனாலிக் ஸ்பேசர் வைப்பதும், டேங்குக்குத் திரும்பும் குழாய் போடுவதும் இதற்குத் தீர்வு. ஸ்பேசர் வைத்தால் பானெட் அளவை மறுபடி எடுக்க வேண்டும்.

எலக்ட்ரிக் சோக்கைத் தலைமைக் கார்புரேட்டரில் மட்டும் வையுங்கள். அதற்குச் சாவி போட்டால் முழு 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து மின்சாரம் கொடுங்கள். காயிலின் மின்தடை வழியே எடுத்தால் சோக் முழுதாகத் திறக்காது, இன்ஜினும் சரியாகப் பற்றாது.

பழையதை வாங்கும்போது

ட்ரை பவரும் டூயல் குவாடும் முழுத் தொகுப்பாகக் கண்காட்சிச் சந்தைகளில் கிடைக்கும். விலை பேசுமுன் மூன்று நிமிடம் கையை வைத்துப் பாருங்கள். த்ராட்டில் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் அந்த வழியே காற்று போகும், எந்த டியூனிங்கும் நிற்காது. உள்ளே புஷ் அடித்தால் சரியாகும், ஆனால் அது ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனி லேத் வேலை. மேல்மூடியின் அடிப்பக்கத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வளைவு பாருங்கள். ஓரக் கார்புரேட்டர்கள் இரண்டும் ஒரே வகையா, நடுவில் உள்ளது உண்மையிலேயே பவர் வால்வும் பம்பும் சோக்கும் கொண்ட நடுக் கார்புரேட்டரா என்று எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். மூன்று ஓரக் கார்புரேட்டர்களைச் சேர்த்து "ட்ரை பவர்" என்று விற்பது அடிக்கடி நடக்கிறது. அப்படி வந்தால் லிங்கேஜுக்கும் மேனிஃபோல்டுக்கும் மட்டும் விலை கொடுங்கள்; நடுக் கார்புரேட்டருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.